தராசுக்குச் சொன்ன சலாம்

"பேய் இருக்குதுன்னா அத யாராவது ஒரு தராசுல போட்டு நிறுத்துக் காட்டட்டும், அதுக்குப் பொறகு பேசுவோம்."

முப்பத்திரண்டு வருடமாக வகுப்பில் இதைச் சொல்லிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன் நான். மாத்தளைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. இப்போதெல்லாம் அந்தப் பகிடியை விடுவதில்லை. அது இல்லாத குறை பிள்ளைகள் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் பாடசாலையின் ஆய்வுகூடம் என்பது ஓர் அலுமாரி. அதற்குள் வாயு இல்லாத இரண்டு சுடரடுப்புகள், ஒரு பெட்டி சோதனைக் குழாய்கள், வில்லையில் பூஞ்சணம் பிடித்த ஒரு நுணுக்குக்காட்டி. ஆனால் மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்குச் செய்முறைக் கொப்பி நிறைந்திருக்க வேண்டும். ஆகவே நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். "அவதானம்: தெளிந்த சுண்ணாம்பு நீர் பால்நிறமாக மாறியது." எந்தச் சுண்ணாம்பு நீர், எங்கே மாறியது என்று யாரும் கேட்பதில்லை. ஒரு தடவை மட்டும் முன்வரிசை வாங்கில் இருந்த பிள்ளை ஒருத்தி பேனையை வைத்துவிட்டு, "சேர், நாங்க ஒன்னும் பாக்கல்லையே" என்றாள். "நான் பாத்தீக்கிறேன், நீங்க எழுதுங்க" என்றேன். வகுப்பு சிரித்தது. கெட்டிக்காரத்தனமான பதில் என்று எனக்கே ஒரு திருப்தி. அப்படிக் கற்பிக்கிற ஆசிரியர் நான் மட்டுமல்ல. அதையும் சொல்லிவைக்கிறேன், ஆறுதலுக்காக.

குடும்பத்தில் எனக்கு விஞ்ஞானி என்று பட்டம். பாராட்டி வைத்ததல்ல. கல்யாண வீடுகளில் கண்ணூறு, ஜின், தண்ணீர் ஓதிக் குடிப்பது என்று பேச்சு எழும்பினால், "மெதுவாப் பேசுங்க, விஞ்ஞானி ஈக்கிறாரு" என்பார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. பல வருடத்துக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு வீட்டுத் தகரக் கூரையில் பட்டப்பகலில் கல் விழுகிறது, ஜின்னின் வேலை என்று ஊரே கூடிவிட்டது. நான் ஏணி வைத்து ஏறினேன். கூரையில் கிடந்தது கல் அல்ல, மாங்கொட்டை. பக்கத்து மரத்தில் குரங்குகள் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஒரு கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிய அந்த நிமிடத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்று நான் உண்மையில் ஏறிப் பார்த்தேன். அந்த ஒரு நாள் ஏறினதை வைத்துக்கொண்டு பிறகு ஏறாமலே காலத்தை ஓட்டினேன்.

இனி ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மூத்த சகோதரி. என்னைவிடப் பத்து வயது பெரியவர். எட்டாம் வகுப்போடு அவரைப் படிக்கப் போகாமல் மறித்துவிட்டார்கள். நான் ஆசிரியர் கலாசாலைக்குப் போனபோது வீட்டில் எல்லாரையும்விட அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். நான் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. பத்திரிகையில் ஒன்று இருந்து நான் வேறொன்று சொன்னால், பத்திரிகைக்காரனுக்குப் பிழை. ஒருவர் நம்மை இப்படி நம்புவது எவ்வளவு பாரம் என்று அந்த நாட்களில் எனக்கு விளங்கவில்லை. கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ராத்தாவின் வீடு அலுவிகாரையில், தம்புள்ளைக்குப் போகும் பெருந்தெருவை ஒட்டி. அவருடைய கணவர், என் மச்சான், யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களில் கராம்பும் மிளகும் சாதிக்காயும் வாங்கி டவுன் கடைகளுக்குக் கொடுப்பவர். வீட்டோடு ஒட்டினாற்போல் தகரக் கூரை போட்ட ஒரு ஸ்டோர் அறை. அதன் வாசல் தெருப்பக்கம். உள்ளே கூரை வளை மரத்திலிருந்து தொங்கியது ஒரு பழைய தட்டுத் தராசு. எல்லாரும் மின்சாரத் தராசுக்கு மாறியபிறகும் அவர் மாறவில்லை. "கண்ணுக்கு முன்னால ஆடுற தட்டத்தான் தோட்டத்து ஆக்கள் நம்புவாங்க" என்பார். தினமும் பின்னேரம் அசர் தொழுகை முடிந்து ஐந்து மணியளவில் வந்து சேருவார். வீட்டுக்குள் வரமுன் நேரே ஸ்டோருக்குப் போய்ச் சாக்கைத் தட்டில் வைப்பார். சங்கிலி ஒரு தரம் கிணீர் என்று சத்தம் போடும். பிறகு உள்வாசலில் வந்து நின்று சலாம் சொல்வார். சங்கிலிச் சத்தம் கேட்டதுமே ராத்தாவின் கை கேத்தலுக்குப் போய்விடும்.

மச்சான் மௌத்தான அன்று காலையில் இருவருக்கும் வாக்குவாதம். முதல் நாளிலிருந்தே அவருக்கு நெஞ்சில் ஒரு பாரம். டொக்டரிடம் போகச் சொல்லி ராத்தா விடியற்காலையிலிருந்து மன்றாடியிருக்கிறார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு தோட்டத்துக்காரருக்கு வருவதாகச் சொல்லிவிட்டாராம், பின்னேரம் பார்க்கலாமாம். வாசலில் நின்று வழக்கம்போல அஸ்ஸலாமு அலைக்கும் என்றார். ராத்தா பதில் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் இன்னொரு தரம் சொன்னார். அதற்கும் இல்லை. "சரி, வந்து பேசுவோம்" என்று சிரித்துக்கொண்டே போனவர், யட்டவத்தயில் ஒரு கராம்பு மரத்துக்குக் கீழே உட்கார்ந்தபடி போய்விட்டார்.

சலாத்துக்குப் பதில் சொல்வது எங்களுக்குக் கடமை. கொலைப் பகை இருந்தாலும் வாய்க்குள் முணுமுணுத்தாவது சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டு சலாம்களும் பதில் இல்லாமல் நின்றுவிட்டன என்பதுதான் ராத்தாவைத் தின்றது. மையத்தைக் குளிப்பாட்டிக் கொண்டுபோகும்போதும் அவர் அழுததைவிட அந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லி முணுமுணுத்ததுதான் அதிகம். கேட்க வேண்டியவர் கேட்கவில்லையே என்றார் என்னிடம்.

பிறகு இத்தா. கணவனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்கிற காலம். ராத்தா வெள்ளைச் சீலையோடு உள்ளறையில் இருந்தார். கல்யாணமாகி உக்குவளையில் குடியிருக்கும் அவருடைய ஒரே மகள் கைக்குழந்தையோடு வந்து கூட நின்றாள். ஸ்டோரைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது வாரத்தில் சத்தம் தொடங்கியது. அசருக்குப் பிறகு, அவர் வழக்கமாக வருகிற நேரத்தில், பூட்டின ஸ்டோருக்குள் சங்கிலி ஒரே ஒரு தரம் கிணீர் என்றது. தினமும் இல்லை. சில நாள் கேட்கும், சில நாள் இல்லை. மகளும் ஓரிரு தடவை கேட்டிருக்கிறாள், ஆகவே பிரமை என்று தள்ளிவிட முடியாது. ராத்தா எழும்பிப் போய் ஸ்டோர்ப் பக்கத்துச் சுவரோடு நின்று, வஅலைக்கும் அஸ்ஸலாம் என்று தெளிவாகப் பதில் சொல்லத் தொடங்கினார். சொன்ன பிறகு முகம் தெளிந்துவிடுமாம். தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பாராம்.

மகள் இதை ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு எனக்குப் போன் பண்ணினாள்.

"மாமா, உம்மா சுவருக்கு சலாம் சொல்றாங்க. பக்கத்து வீட்டு ஆக்களுக்கும் தெரிஞ்சிட்டு. இத்தா முடிஞ்சதும் எங்கட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பாத்தா, மாட்டேன்றாங்க. நான் போய்ட்டா அவருக்கு யாரு பதில் சொல்றன்னு கேக்குறாங்க. நீங்கதான் வந்து ஒரு முடிவு சொல்லணும்."

நான் உடனே போகவில்லை. பாடசாலையில் பரீட்சை, பிறகு மழை, பிறகு ஏதோ ஒன்று. போனபோது இத்தாவில் மூன்று மாதம் கழிந்திருந்தது. ராத்தா என்னைக் கண்டதும் பாயில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"தம்பி, நான் பைத்தியம் இல்ல. சத்தம் கேக்குது. அவர் கோவம் இல்லாமத்தான் வாராருன்னு நான் நினைக்கிறேன். இல்லாட்டி வந்து சத்தம் போட மாட்டாரே. எனக்கு அங்க போய்ப் பாக்க ஏலாது. நீங்க பாருங்க. நான் நினைக்கிறது பிழைன்னா பிழைன்னு சொல்லுங்க. நீங்க பாத்துச் சொன்னா எனக்குப் போதும்."

எனக்கு உள்ளூர உற்சாகம். அதை மறைத்துப் பயனில்லை. தெருவில் ஒரு லொறி போகிற இரைச்சல் அந்த நேரம் கேட்டது. அப்போதே எனக்கு விடை கிடைத்துவிட்டது. பின்னேரத்தில் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றப் போகும் லொறிகள் வரிசையாகப் போகும். நிலம் அதிரும், சுவர் அதிரும், வளை அதிரும், தராசு ஆடும். ஓர் அதிர்வு இன்னொன்றையும் ஆட வைப்பது, பரிவு என்று பதினோராம் தரத்துக்குக் கற்பிக்கிற பாடம்தான். விடை வந்துவிட்டது, இனிச் செய்முறைதான் பாக்கி.

ஒழுங்காகத்தான் திட்டம் போட்டேன். குறைந்தது மூன்று பின்னேரம் ஸ்டோருக்குள் இருப்பது. தராசுக்குக் கீழே ஓர் எனாமல் பேசினில் தண்ணீர் வைப்பது, அதிர்வு வந்தால் தண்ணீரில் தெரியும். லொறி போகும் நேரத்தையும் சங்கிலிச் சத்தத்தின் நேரத்தையும் தனித்தனியாகக் குறிப்பது. வாகனம் குறைந்த ஒரு நாளிலும் பார்ப்பது. இதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். இவ்வளவு அழகான செய்முறையை நான் என் வாழ்நாளில் எழுதினதில்லை.

நடந்தது ஒரு பின்னேரம் மட்டும்தான். சனிக்கிழமை. ஸ்டோரைத் திறந்ததும் கராம்பு வாசம் மூக்கைத் துளைத்தது. பேசினைத் தராசுக்குக் கீழே வைத்துவிட்டு வெறுஞ் சாக்குகளின் மேல் உட்கார்ந்தேன். தகரத்தின் சூட்டில் வேர்த்துக் கொட்டியது. லொறிகள் போயின. ஒவ்வொரு லொறிக்கும் பேசினில் தண்ணீர் மெல்லச் சிலிர்த்தது. எனக்கு வெற்றி வந்துவிட்டது போலிருந்தது. ஆனால் தட்டு ஆடவில்லை. சங்கிலி அசையவில்லை. பெரிய லொறிகள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் போனபோது கிட்டப்போய்க் கண்ணை வைத்துப் பார்த்தேன். அப்போதும் அசையவில்லை. அன்று கொப்பியில் எழுதாத இதை இன்று இங்கே எழுதுகிறேன். அன்று சத்தமும் வரவில்லை.

ஒரு மணித்தியாலம் போனது. அடுத்த நாள் எனக்கு டியூஷன் வகுப்பு, திங்கட்கிழமை பாடசாலை. இன்னும் இரண்டு பின்னேரம் இந்த வெக்கையில் வந்து உட்காருவதா என்று நினைத்தேன். தண்ணீர் ஆடியது உண்மைதானே. தண்ணீர் ஆடினால் தராசும் ஏதோ ஒரு நேரம் ஆடத்தான் செய்யும். காத்திருந்தால் நானும் பார்த்திருப்பேன். பார்த்திருக்கக்கூடிய ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்வதில் என்ன பெரிய பிழை? எத்தனை வருடம் அப்படித்தானே எழுதுவித்தேன்.

உள்ளே வந்தேன். ராத்தா பாயில் எனக்காகக் காத்திருந்தார். மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேன் ராத்தா. லொறி போகக்குள்ள நிலம் அதிருது. அதுல தராசு ஆடி சங்கிலி சத்தம் போடுது. வேற ஒன்னும் இல்ல."

"உங்கட கண்ணால பாத்தீங்களா, தட்டு ஆடினத?"

"என்ட கண்ணால பாத்தேன்."

கொப்பியில் ஒரு படமும் கீறிக் காட்டினேன். தெரு, சுவர், வளை, தராசு. அதிர்வு போகும் பாதைக்கு அம்புக்குறி போட்டேன். ராத்தா கொப்பியைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளா லொறிக்கா சலாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்?"

மகள் சிரித்துவிட்டாள். பெரிய பாரம் இறங்கின சிரிப்பு. நானும் சிரித்தேன். ராத்தாவும் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நம்பினேன். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முன் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ராத்தா சுவர்ப் பக்கம் போகவில்லை என்று மகள் சொன்னாள். இத்தா முடிந்ததும் மறுபேச்சில்லாமல் உக்குவளைக்குப் போனார். வீட்டை வாடகைக்கு விட்டார்கள். வந்தவர் ஸ்டோரைக் கையடக்கத் தொலைபேசி திருத்துகிற கடையாக்கினார், தகரத்தைக் கழற்றி ஓடு போட்டு சீலிங் அடித்தார். தராசைப் பழைய இரும்பு வாங்குகிறவர் கொண்டுபோனார். அதைக் கழற்ற வளையைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். குடும்பத்தில் என் பெயர் இன்னும் ஒரு படி உயர்ந்தது. விஞ்ஞானி உம்மாவைக் காப்பாற்றிவிட்டாராம்.

ராத்தா நோயாளியாகவெல்லாம் ஆகவில்லை. சமைத்தார், பேரப்பிள்ளையைப் பார்த்தார், தொழுதார். ஆனால் மச்சானைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. ஒரு பெருநாள் அன்று எல்லாரும் அவரை நினைத்து ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தபோது ராத்தா மட்டும், "அவர் என்னோட கோவமாத்தான் போனாரு" என்று சொல்லிவிட்டு எழும்பி உள்ளே போனார். எனக்குச் சுருக்கென்றது. வயதுபோகப் போக மனம் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். விளக்கம் சொல்வதில் எனக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் போனது. சென்ற வருடம் வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்தார். சுவருக்கு பெயின்ட் பூச வேண்டும், ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள் மாமா என்று மகள் சாவியைத் தந்தாள். உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பழைய கலண்டர் தொங்கியது. வாடகைக்கு இருந்தவர் அந்தக் கதவைச் சாத்தியே இருக்கமாட்டார் போலும். கழற்றி எறியக் கையை நீட்டினேன். பென்சில் குறிகள் தெரிந்தன.

இத்தா நாட்களை ராத்தா அதில் எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. சில நாட்களில் கோட்டைச் சுற்றி ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் மணி. ஐந்து. நாலே முக்கால். ஐந்து பத்து. என்ன குறி என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கினதும் அந்த வெறும் வீட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்ட ஒவ்வொரு நாளும் வட்டம். கேட்காத நாளில் வட்டம் இல்லை. கேட்டால் நல்லது என்று ஏங்கிக்கொண்டிருந்தவர், கேட்காத நாளில் கேட்டதாக ஒரு தடவைகூட எழுதவில்லை. என் கொப்பிகளில் இல்லாத நேர்மை அந்தக் கலண்டரில் இருந்தது.

இத்தாவின் இரண்டாம் மாதத்தில் என் கண் நின்றது. அந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. பெருமழையில் மதகு உடைந்து மூன்று நாள் அந்தத் தெருவில் ஒரு வாகனம் ஓடவில்லை. நான் வயல்வரப்பால் பாடசாலைக்கு நடந்து, காற்சட்டையைச் சேறாக்கிக்கொண்டு போய் நின்றேன். அந்த மூன்று நாளில் இரண்டு நாளுக்கு வட்டம் இருந்தது. லொறியே இல்லாத தெருவோரத்தில், ஐந்து மணிக்கு ஒரு நாள், ஐந்து ஐந்துக்கு ஒரு நாள்.

உட்கார்ந்த இடத்திலேயே வேறு காரணம் தேடினேன். வெயிலில் விரிந்த தகரம் பின்னேரம் குளிர்ந்து சுருங்கும்போது வளை இழுபடும், அதனால் இருக்கலாம். நல்ல காரணம். ஆனால் அந்த இரண்டு நாளும் வெயில் முகமே காட்டாத அடைமழை. எலியா? எலிக்கு மணி தெரியாது. காற்றா? ஸ்டோருக்கு ஜன்னல் இல்லை. இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கலாம், ஒவ்வொன்றையும் சோதிக்கவும் முடிந்திருக்கும். தராசும் தகரமும் இருந்த காலத்தில். இப்போது அங்கே சீலிங்தான் இருக்கிறது.

இதனால் மச்சான் வந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் பார்க்காமல் எழுதுகிற அவதானம்தான். இப்படியான விஷயங்களை விஞ்ஞானத்தால் விசாரிக்க முடியுமா என்று ஆசிரியர் அறையில் இன்றும் வாதம் வரும். முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சங்கிலி சத்தம் போடுகிறது. எப்போது போடுகிறது, எப்போது இல்லை, கூட என்ன நடக்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பதற்கு என்ன தடை? எட்டாம் வகுப்புப் படித்த ராத்தா அதைத்தான் செய்தார். பார்க்கப் பார்க்கக் காரணம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மச்சானுக்குக் கோபம் தீர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதை நிறுக்க எந்தத் தராசும் இல்லை. ராத்தா என்னிடம் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்டார். முதலாவதைப் பார்க்காமலே பதில் சொல்லி, அந்த ஒரே பதிலால் இரண்டாவதையும் மூடிவிட்டேன்.

என்னை இன்னொன்றும் உறுத்தியது. நான் கொப்பியில் படம் கீறிக் காட்டின அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு கலண்டரில் வட்டமே இல்லை. வெறும் கோடுகள், இத்தா முடிகிற நாள்வரை.

கலண்டரைச் சுருட்டிப் பத்திரிகைத் தாளில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வாரம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்ததுதான் அதிகம். ஆறின புண்ணைக் கிளறுவதா என்று மனைவியிடம் கேட்டேன். ஆறிச்சுன்னு நீங்க எப்பிடிப் பாத்தீங்க என்று கேட்டாள். அடுத்த சனிக்கிழமை காலையில் உக்குவளைக்கு பஸ் ஏறினேன்.

மகள் சந்தைக்குப் போயிருந்தாள். ராத்தா முன்னறையில் பேரப்பிள்ளையின் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் கலண்டரை விரித்து அவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

"இது இன்னும் ஈக்கிதா" என்றார்.

"ராத்தா, நான் அன்னைக்கி பொய் சொன்னேன். தட்டு ஆடினத நான் பாக்கல்ல. தண்ணி ஆடினதத்தான் பாத்தேன். மழைக்கு ரோட்டு உடைஞ்ச நாள்ளயும் நீங்க வட்டம் போட்டீக்கிறீங்க. அன்னைக்கி லொறி ஒன்னுமே ஓடல்ல."

அவர் அதிரவில்லை. மதகு உடைந்த அந்த வாரத்தின்மேல் விரலை வைத்தார்.

"லொறி ஓடல்லன்னு எனக்கும் தெரியும் தம்பி. ரோட்டுல சத்தமே இல்லையே. நீங்க படம் கீறிக் காட்டினப்ப அது ஞாபகம் வந்திச்சு. கேக்கத்தான் வாயெடுத்தேன். படிச்சவரு, கண்ணால பாத்தேன்னு சொல்றாரு, அதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்பாருன்னு விட்டுட்டேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவன், அதைக் கேட்காமல் என்னை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"அதுக்குப் பொறகு சத்தம் கேக்கல்லையா? வட்டம் ஒன்னையும் காணல்ல."

"கேட்டிச்சு."

"எத்தன நாள்?"

"நான் எண்ணல்ல. அதே நேரத்துக்கு, அதே மாதிரி. நான் எழும்பிப் போகல்ல. லொறிதானேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். கடைசி நாளும் கேட்டிச்சு. அன்னைக்கும் பதில் சொல்லல்ல."

மடித்த சட்டையை அவர் மறுபடியும் விரித்து மடித்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவர் பேசாமல் நின்றது ஒரே ஒரு காலை. அதே பேசாமையில் நான் அவரை எத்தனையோ பின்னேரங்கள் இருத்தி வைத்திருக்கிறேன்.

"இப்ப சொல்லுங்க தம்பி" என்றார். "அது அவரா?"

"தெரியா ராத்தா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"இத அன்னைக்கே சொல்லி ஈக்கலாமே. தெரியாதுன்னு நீங்க சொல்லி இருந்தா, நான் பதில் சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன்."